சொந்த மூளையை வாடகைக்கு விடுவது எப்படி?

நாலு பேர் கூடிய இடத்தில் ஐந்தாவதாகத் தலையாட்டத் தெரியாதவர் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆகவே அரிச்சுவடி பாடம் உங்களுக்கு வேண்டாம். எதிர்வீட்டில் எந்த ஸ்கூலோ நம் பிள்ளைக்கும் அந்த ஸ்கூல், வரிசை எந்தக் கடையில் நீளமோ அந்தக் கடையில் பிரியாணி, யார் கைதட்டினாலும் கூடவே கைதட்டு என்பதெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. குறை ஒன்றே ஒன்று: இதை நீங்கள் முறைப்படி செய்வதில்லை. நடுநடுவே சொந்தமாக யோசித்துத் தொலைக்கிறீர்கள். இந்தக் கையேடு அந்தக் கசிவை அடைக்கும்.

மூளை உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பூட்டிப்போட்ட வீட்டால் யாருக்கு லாபம்? வாடகைக்கு விடுங்கள். குடிவரப்போவது கூட்டம். அட்வான்ஸ் தராது, வாடகை தராது, சுவரெல்லாம் ஆணி அடிக்கும். பரவாயில்லை, வீட்டில் விளக்கு எரிகிறது அல்லவா?

பயிற்சிக் களமாக உங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஏ பிளாக், பி பிளாக், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சம்ப், ஒரு ஜெனரேட்டர், ஒரு வாட்ஸாப் குரூப். கூட்டத்தில் மனித மூளை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க உலகப் பல்கலைக்கழகங்கள் கட்டி வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் உள்ள அத்தனையும் இங்கே இருக்கிறது. ஸ்கேன் மெஷின் மட்டும்தான் பாக்கி.

1. அண்ணாந்து பாருங்கள்

இது உடற்பயிற்சிக்கு முன் கைகாலை உதறுவதுபோல. கேட் பக்கம் நாலு பேர் நின்று மேலே பார்க்கிறார்களா? நில்லுங்கள். நீங்களும் பாருங்கள். எதை என்று கேட்காதீர்கள்.

ஸ்டான்லி மில்கிராமும் சகாக்களும் 1969-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல முன்னோடி. நியூயார்க் நடைபாதை ஒன்றில் ஆளை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடி ஜன்னலைப் பார்க்கச் சொன்னார்கள். ஜன்னலில் வேடிக்கை ஒன்றும் இல்லை. ஒரே ஒருவர் பார்த்தபோது வழியில் போனவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 சதவீதம். நடந்தபடியே தலையைத் தூக்கியவர்களையும் சேர்த்தால் 86. மீதி 14 சதவீதம் பேர் ஆபீசுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாவம்.

2. கடைசியில் கை தூக்குங்கள்

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. பார்க்கிங்கில் பிளாஸ்டிக் சேர் போட்டிருப்பார்கள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்களின் பின்னந்தலையெல்லாம் தெளிவாகத் தெரியும். உங்கள் கருத்து அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

கட்டடத்துக்கு பெயின்ட் அடிக்க மூன்று கொட்டேஷன். ஒருவர் 8 லட்சம், ஒருவர் 9, ஒருவர் 11. செக்ரட்டரி 11 லட்சத்தைக் கையில் எடுத்து, “ரேட்டு கொஞ்சம் கூடத்தான், ஆனா குவாலிட்டின்னு ஒண்ணு இருக்கில்ல சார்” என்கிறார். மூன்று கொட்டேஷனிலும் ஒரே கம்பெனி பெயின்ட், ஒரே இரண்டு கோட். உங்கள் கையில் ஜெராக்ஸ் இருக்கிறது. தயவுசெய்து அதைப் படிக்காதீர்கள். விசிறிக்கொள்ளுங்கள். முன்வரிசையில் ஒரு கை எழுகிறது, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் மளமளவென்று ஏழெட்டு. இதுதான் சமயம். தூக்குங்கள்.

இந்த வித்தைக்குப் பாடப்புத்தகம் எழுதியவர் சாலமன் ஆஷ். 1950-களில் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து, ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்து அட்டையில் உள்ள மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாகவில்லை. ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்கெனவே பேசி வைத்த ஆட்கள். எல்லாரும் வாய்கூசாமல் தப்பான கோட்டைச் சொல்ல, ஏறக்குறையக் கடைசியாக வாய்திறக்க வேண்டிய அந்த ஒரு அப்பாவி, மூன்றில் ஒரு தடவைக்குமேல் அவர்களோடு சேர்ந்து தப்பையே சொன்னார். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், நெளிவார், அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார், பிறகு சொல்லிவிடுவார். கால்வாசிப் பேர் ஒருமுறைகூட மசியவில்லை. அவர்களை விடுங்கள், எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் அப்படிச் சில பேர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நீங்கள் கற்க வேண்டிய சூட்சுமம் இதில் இரண்டு. ஒன்று, பெரிய கூட்டம் தேவையே இல்லை. ஒருவர் மட்டும் தப்புச் சொன்னால் யாரும் மயங்குவதில்லை. இருவர் சொன்னால் சற்று ஆட்டம் காண்கிறது. மூன்று பேர் போதும், வேலை முடிந்தது. நாற்பது வீட்டை வளைக்க மூன்று சேர் போதும் என்பது உங்கள் செக்ரட்டரிக்கு ஆஷைப் படிக்காமலே தெரியும்.

இரண்டாவது சூட்சுமம் எச்சரிக்கை. அறையில் ஒரே ஒரு ஆள் உண்மையான கோட்டைச் சொல்லிவிட்டால், மசிவது நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே பேங்கில் ரிட்டயரான அந்த மூன்றாம் மாடி மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஒரு நிமிஷம், இதுல ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கா?” என்று ஆரம்பிப்பதற்குள் டீயை உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் முளையிலேயே கிள்ளுங்கள். பதிலை எழுதிக் கொடுக்கலாம் என்று ஆஷ் விட்டபோது மாணவர்களின் கண் மறுபடி சரியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. “நமக்குள்ள என்ன சார் ரகசியம்?” என்ற ஒரு வாக்கியம் போதும். இதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

3. சிக்கலான கணக்கைச் சபையில் எடுங்கள்

ஆள் பார்க்கும்போது எளிய வேலை வேகமாக நடக்கும், கடினமான வேலை குட்டிச்சுவராகும். இது கரப்பான்பூச்சிக்கே பொருந்தும். ராபர்ட் ஸயான்ஸ் 1969-ல் கரப்பான்களை ஓடவிட்டு, அதை வேடிக்கை பார்க்க இரண்டு பக்கமும் வேறு கரப்பான்களைக் கண்ணாடிபோன்ற பெட்டிகளில் உட்காரவைத்தார். நேர்வழியில் ஓடிய கரப்பான் ரசிகர்களைக் கண்டதும் பிய்த்துக்கொண்டு ஓடியது. வழி பிரியும் புதிரில் விட்டதோ, தனியாக இருந்ததைவிடத் தாமதமாக வெளியே வந்தது.

எனவே டீ, பிஸ்கட் வாங்குவது பற்றிக் கமிட்டி அறையில் மூன்று பேர் தீர யோசியுங்கள். கார்ப்பஸ் ஃபண்ட் வட்டிக் கணக்கை எழுபது பேர் முன்னிலையில் மைக்கில் படியுங்கள்.

4. மூளையில் அடிக்கும் மணியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

எல்லாரும் அந்தப் பெயின்ட்டை நல்லது என்கிறார்கள், உங்களுக்கு மட்டும் உறுத்துகிறது. அந்த உறுத்தலை உங்கள் நியாய உணர்வு என்று நினைத்து ஏமாறாதீர்கள். நெதர்லாந்தில் வாசிலி க்ளுச்சரேவ் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்களிடம் முகப்படங்களைக் காட்டி அழகுக்கு மார்க் போடச் சொன்னார்கள். போட்டதும், ‘மற்றவர்கள் போட்ட மார்க் இது’ என்று ஒரு எண்ணைக் காட்டினார்கள். எண் ஒத்துப்போகாதபோது, ஒரு காரியத்தில் தப்புச் செய்துவிட்டால் மூளையின் நடுமுன்பகுதியில் எப்படி மணி அடிக்குமோ அப்படி அடித்தது. பரிசை எதிர்பார்த்து விழித்திருக்கும் பகுதி துவண்டது. மணி பலமாக அடித்தவர்கள், பிறகு மறுபடி அதே முகத்தைக் காட்டியபோது கூட்டத்தின் பக்கம் மார்க்கை நகர்த்திக்கொண்டார்கள்.

அதாவது ஊரோடு ஒத்துப்போகாததை உங்கள் மூளை ஒரு கருத்து வேறுபாடாகப் பதிவுசெய்வதில்லை, கணக்கில் விட்ட பிழையாகப் பதிவுசெய்கிறது. திருத்திவிட்டால் நிம்மதி. திருத்துங்கள்.

ஒரே ஒரு ஜாக்கிரதை. இதே குழு 2011-ல் அந்தப் பகுதியைக் காந்தத் துடிப்பால் சற்று மந்தமாக்கிப் பார்த்தது. ஆட்கள் கூட்டத்தின் பக்கம் நகர்வது குறைந்துவிட்டது. தலைக்குப் பக்கத்தில் காந்தம் கொண்டுவரும் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

5. கண்ணையும் சேர்த்தே கொடுங்கள்

ஆரம்பநிலை மாணவர்கள் வாயால் மட்டும் ஒத்துக்கொண்டு மனசுக்குள் முணுமுணுப்பார்கள். அது அரைகுறை. தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தோற்றமே மாறிவிடும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் 2005-ல் இதை ஸ்கேனில் வைத்துப் பார்த்தார். திருப்பிவைத்த இரண்டு உருவங்கள் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டும். தனியாகச் செய்யும்போது பிழை 14 சதவீதத்துக்கு அருகில். கூட்டாளிகள் ஒருமித்துத் தப்பாகச் சொன்னபோது 41. ஒத்துப்போனவர்களின் மூளையில் மாற்றம் தெரிந்தது, திட்டம்போட்டு முடிவெடுக்கும் முன்பகுதியில் அல்ல, உருவத்தையும் இடத்தையும் அறியும் பின்பகுதியில். எதிர்த்து நின்றவர்களுக்கோ அமிக்டலா விழித்துக்கொண்டது. பயமும் படபடப்பும் குடியிருக்கும் இடம் அது.

எனவே எதிர்த்துப் பேசி நெஞ்சு படபடப்பதைவிட, 11 லட்சம் பெயின்ட்டில் ஒரு தனி மினுமினுப்பு இருப்பதை உண்மையாகவே கண்டுவிடுங்கள். உடம்புக்கும் நல்லது.

6. புகை வந்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள்

இரவு ஒன்பதரை. கீழே மீட்டர் ரூம் பக்கமிருந்து ஒயர் கருகும் வாடை. குரூப்பில் யாரோ போடுகிறார்: “யார் வீட்லயாவது ஏதாவது தீயுதா?” உடனே படித்துவிடுங்கள். பதில் போடாதீர்கள். அறுபது பேர் படித்துவிட்டார்கள் என்று தெரிகிறதா? அறுபது பேரும் சும்மா இருக்கிறார்கள் என்றால் விஷயம் ஒன்றும் இருக்காது. அந்த அறுபது பேரும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

1968-ல் பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் இதற்கு நேர் ஒத்திகையே நடத்தினார்கள். மாணவர்களை ஓர் அறையில் ஃபாரம் நிரப்பவிட்டு, சுவரில் உள்ள சின்ன துவாரம் வழியாகப் புகையை அனுப்பினார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். அலட்டிக்கொள்ளாமல் எழுதிக்கொண்டேயிருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இருவர் கூட இருந்தபோது 10 சதவீதம். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? இருமினார்கள். கண்ணைக் கசக்கினார்கள். கையால் புகையை விலக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் பதில் எழுதினார்கள். பிறகு விசாரித்தபோது ஏ.சி.யிலிருந்து வரும் ஆவி என்று நினைத்தோம் என்றார்கள். உண்மையைப் பேசவைக்கும் வாயு என்று நினைத்தவர்கள்கூட இரண்டு பேர். தீ என்று மட்டும் யாருக்கும் படவில்லை. அதுவல்லவோ பயிற்சி!

7. ஒரு பக்கம் சேருங்கள். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை

ஒத்துப்போவது பாதிப் படிப்புதான். ஒத்துப்போகாதவர்கள் யார் என்று தெரியாமல் ஒற்றுமைக்கு ருசி வராது. நீங்கள் ஏ பிளாக். அவர்கள் பி பிளாக். இரண்டும் ஒரே பில்டர் ஒரே சிமென்ட்டில் கட்டியது, லாட்டரியில் விழுந்த வீடு. அது போதும்.

போதுமா என்ற சந்தேகம் ஹென்றி தாஜ்ஃபெல்லுக்கும் இருந்தது. போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டு உயிர்பிழைத்தவர். திரும்பி வந்தபோது குடும்பத்தில் அநேகமாக யாரும் மிச்சமில்லை. மனிதர்கள் இப்படிப் பிரிய எவ்வளவு காரணம் வேண்டும் என்று பார்க்க, காரணமே இல்லாத இடத்திலிருந்து ஆரம்பித்தார். 1970-ல் வெளியான ஆய்வில், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களுக்கு இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, நீ க்ளே பக்கம், நீ கண்டின்ஸ்கி பக்கம் என்று பிரித்தார். உண்மையில் குருட்டாம்போக்காகப் பிரித்ததுதான். தன் அணியில் வேறு யார் என்றுகூடப் பையனுக்குத் தெரியாது. பிறகு பணம் பங்கிடச் சொன்னார்.

ஒரு பங்கீட்டு அட்டவணையில் ஒரு முனை இப்படி: நம்மவனுக்கு 19, எதிர் அணிக்காரனுக்கு 25. மறுமுனை: நம்மவனுக்கு 7, அவனுக்கு 1. நம் பையன் கையில் அதிகம் சேர வேண்டுமென்றால் 19 தான் கணக்கு. ஆனால் பையன்கள் மறுமுனைப் பக்கம் சாய்ந்தார்கள். நமக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனைவிடக் கூட இருக்க வேண்டும்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பி பிளாக் மொட்டை மாடியில் சோலார் போட்டால் பொது கரன்ட் பில் இருவருக்கும் குறையும், அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும் என்று கணக்குக் காட்டுவார்கள். எதிர்த்து ஓட்டுப் போடுங்கள். முழு பில்லையும் தலைநிமிர்ந்து கட்டுங்கள்.

அணி பழையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜே வான் பேவல் குழு 2008-ல், கறுப்பர் வெள்ளையர் இருவரும் கலந்த இரண்டு அணிகளைச் சில நிமிடங்களுக்குமுன் உருவாக்கி, ‘இது உங்கள் அணி’ என்று முகங்களைப் பழக்கிவிட்டு ஸ்கேனில் காட்டியது. நிறத்தைத் தாண்டி, நம் அணி முகத்துக்கே மூளை அதிகம் துள்ளியது. பரம்பரை வேற்றுமையைச் சில நிமிடத்து வேற்றுமை தூக்கிச் சாப்பிட்டதைச் சிலர் நல்ல செய்தி என்கிறார்கள். நமக்கு இதில் உள்ள நல்ல செய்தி வேறு: இன்று சாயங்காலமே புது அணி ஆரம்பிக்கலாம்.

8. தண்ணீர்ப் பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த பகையைக் கெடுக்கக்கூடியது ஒன்றுதான்: இரண்டு பிளாக்குக்கும் சேர்ந்து வரும் கஷ்டம்.

1954-ல் ஒக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் முசாஃபர் ஷெரிஃப் 22 பையன்களுக்கு முகாம் நடத்தினார். இரண்டு அணி. கழுகுகள் ஒரு பக்கம், சாரைப் பாம்பு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடிய கிலுகிலுப்பைப் பாம்புகள் ஒரு பக்கம். போட்டி வைத்ததும் சில நாட்களில் கொடியை எரித்தார்கள், குடிலில் புகுந்து சூறையாடினார்கள், ஒரே இடத்தில் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். எவ்வளவு அருமையான முன்னேற்றம்! அப்புறம்தான் ஷெரிஃப் காரியத்தைக் கெடுத்தார். முகாமுக்குத் தண்ணீர் வருவதை நிறுத்திவிட்டு, எங்கே அடைப்பு என்று எல்லாரையும் சேர்ந்து தேடவைத்தார். சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. பையன்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். முன்பு இரண்டு அணியும் எதிரெதிரே நின்று இழுபறிப் போட்டி ஆடிய அதே கயிறு. இப்படி நாலைந்து தடவை ஆனதும் பகை நீர்த்துப்போனது. ஊருக்குத் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகிறோம் என்றார்கள்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இந்த ஆபத்தை நாமும் கண்டோம். ஜென்மப் பகையாளிகள் ஒரே தண்ணீர் லாரிக்காக விடியற்காலை நாலு மணிக்கு ஒன்றாக நின்று, பால் பாக்கெட் முதல் பையன் கல்யாணம்வரை பேச ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி அப்படி நடக்கவிடக் கூடாது. சம்பை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு மோட்டார், ஆளுக்கு ஒரு லாரிக்காரர். செலவு இரட்டிப்பாகும். 7-க்கு 1 என்ற கணக்கை மறக்காதீர்கள்.

9. அவர்கள் வழுக்கி விழும்போது ருசியுங்கள்

பி பிளாக் லிஃப்ட் நின்றுவிட்டது. உங்களுக்குள் எழும் அந்தச் சின்ன இனிப்பு இருக்கிறதே, வெட்கப்படாதீர்கள். 2011-ல் மினா சிகாரா குழு அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களை ஸ்கேனில் வைத்தது. யாங்கீஸ் ஒரு பக்கம், ரெட் சாக்ஸ் ஒரு பக்கம். எதிரி அணி சறுக்கினால் மூளையில் பரிசு கிடைக்கும்போது மகிழும் பகுதி மகிழ்ந்தது. சறுக்கியது நம்மிடம் அல்ல, சம்பந்தமே இல்லாத மூன்றாவது அணியிடம் என்றாலும் மகிழ்ந்தது. நம் டீம் ஆடாத அன்றும் ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அந்த இடம் யாருக்கு அதிகம் மினுங்கியதோ அவர்கள், எதிரணி ரசிகனை அடிக்கவும் திட்டவும் கூடுமென்று அதிகமாக ஒப்புக்கொண்டார்கள்.

சூரிச்சில் கிரிட் ஹைனும் டானியா சிங்கரும் 2010-ல் இன்னும் ஒரு படி போனார்கள். கால்பந்து ரசிகர் ஒருவருக்குக் கையில் மின் அதிர்ச்சி. பார்ப்பவர் நினைத்தால் வலியில் பாதியைத் தான் ஏற்றுக்கொள்ளலாம். நம் அணிக்காரர் என்றால், அவர் வலியைக் கண்டு தன் மூளையின் வலி உணரும் பகுதி துடித்தவர்கள் பாதி வாங்கிக்கொண்டார்கள். எதிரணிக்காரர் என்றால், உள்ளே அந்த இனிப்புப் பகுதி எழுந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

லிஃப்ட் ரிப்பேர் ஆனதற்கு குரூப்பில் ஒரு அனுதாபம் போட்டுவிடுங்கள். கைகூப்பிய படம் ஒன்று சேர்த்தால் இன்னும் நல்லது.

10. யாரையும் குரூப்பிலிருந்து நீக்காதீர்கள்

நீக்கினால் சண்டை வரும், காரணம் கேட்பார்கள். அதற்குப் பதில் புது குரூப் ஆரம்பியுங்கள். பழையதில் குட்மார்னிங்கும் வெள்ளிக்கிழமை அம்மன் படமும் மட்டும் போகட்டும். பேச்செல்லாம் புதியதில். அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள். யாரை என்று கேட்கிறீர்களா? ஜி.எஸ்.டி. மாமாவைத்தான்.

பிறகு கவனியுங்கள். ஒரு நாள் மாலை மாமா கீழே வருவார். பெஞ்சில் நால்வர் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் வந்ததும் பேச்சு நிற்காது, ஆனால் பெயர்கள் நின்றுவிடும். “அது அப்புறம் என்னாச்சு?” “அதான், சொன்னேனே, முடிஞ்சிருச்சு.” மாமா சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரிப்பார். செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிவார். பிறகு, பால் வாங்க வேண்டும் என்று சொல்லி நடப்பார். கையில் பால் பாக்கெட் ஏற்கெனவே இருக்கும்.

இது எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருமுறை நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஃபிரிஸ்பி தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அந்த முன்பின் தெரியாத இருவரும் திரும்ப இவருக்கும் எறிந்தார்கள். கொஞ்ச நேரம் ஆடினார்கள். பிறகு காரணமின்றி இவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்ன அவமானம் தன்னை அவ்வளவு தைத்ததைக் கண்டு அதையே கம்ப்யூட்டர் விளையாட்டாக்கினார். 2003-ல் நயோமி ஐசன்பெர்கரோடும் மாத்யூ லீபர்மனோடும் சேர்ந்து அதை ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, பந்து வராமல் போனவர்களுக்கு, உடல் வலியில் விழிக்கும் மூளைப் பகுதி ஒன்று விழித்தது. இரண்டும் ஒரே வலிதானா என்று விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சச்சரவு ஓயவில்லை. நமக்கென்ன, வலித்தால் சரி.

பின்னால் வந்த சோதனைகள் உங்களுக்கு உற்சாகமூட்டும். ஒதுக்குவது மனிதரல்ல, வெறும் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டாலும் வலித்தது. ஒதுக்கியவர்கள் கூ க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் என்று சொன்னாலும் வலித்தது. பந்து வராவிட்டால் காசு தருகிறோம் என்றாலும் வலித்தது. ஆகவே, ‘அவருக்குத்தான் நம்மைக் கண்டால் ஆகாதே, அவர் ஏன் வருத்தப்படப் போகிறார்’ என்று தயங்காதீர்கள். கட்டாயம் வருத்தப்படுவார்.

மூன்று வாரம் தினமும் பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு இப்படிப்பட்ட மன வலி சற்றுக் குறைந்தது என்று 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. மாமா மெடிக்கல் ஷாப் பக்கம் போகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

11. காய்கறி பற்றி எக்காரணம் கொண்டும் பேசாதீர்கள்

இது மேல்நிலைப் பாடம். குப்பை அள்ள வருகிறவர், வாசலில் படுத்துக்கிடப்பவர், இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன். இவர்களை நீங்கள் ஏற்கெனவே பார்ப்பதில்லை, நன்று. வாட்ச்மேனுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். போன வாட்ச்மேன் பெயரிலேயே இவரையும் கூப்பிடுங்கள்.

பிரின்ஸ்டனில் லசானா ஹாரிஸும் சூசன் ஃபிஸ்கும் 2006-ல் காட்டியது: மனிதரைக் கண்டால் ‘இவர் என்ன நினைக்கிறார்’ என்று யோசிக்க எழும் மூளைப் பகுதி ஒன்று, நெற்றிக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது. வீடற்றவர், போதைக்கு அடிமையானவர் படங்களைக் காட்டியபோது அது சரியாக எழவே இல்லை. மூளை அவர்களை ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டைக் கலைக்க எவ்வளவு பெரிய புரட்சி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று ஒரு கணம் யோசிக்கச் சொன்னார்கள். அந்தப் பகுதி எழுந்துவிட்டது. வேற்று நிறத்தார் முகத்தைக் கண்டு அமிக்டலா மிரள்வதும், ‘இவருக்கு இந்தக் காய் பிடிக்குமா’ என்று கேட்டபோது காணாமல் போனது.

எனவே வாட்ச்மேன் தூக்குவாளியைத் திறக்கும் நேரம் பார்த்து கீழே போகாதீர்கள். அது கத்திரிக்காயா முருங்கைக்காயா என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். அடுத்து அவருக்கு உட்கார ஒரு நாற்காலி, மேலே ஒரு ஃபேன் என்று மனம் எங்கெங்கோ போகும்.

12. தலைமை ஏற்க வாருங்கள்

பதினொரு படியும் ஏறிவிட்டீர்கள். இனி நீங்கள் பின்னால் நிற்க வேண்டியவர் அல்ல.

எரிக் ஃபோன் ஹோல்ஸ்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு மின்னோ மீனின் முன்மூளையை எடுத்துவிட்டார். கெண்டைக்கு உறவான சின்ன மீன் அது, கூட்டமாகவே நீந்தும். கான்ராட் லோரென்ஸ் தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். அந்த இனத்தில் கூட்டத்தோடு சேர்ந்தே இருக்கச் சொல்லும் உணர்ச்சி முன்மூளையில் இருக்கிறது. மற்றபடி அந்த மீன் நன்றாகவே பார்த்தது, தின்றது, நீந்தியது. சாதாரண மீன் கூட்டத்தைவிட்டுச் சற்று விலகினால் உடனே தயங்கும், யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்க்கும், வரவில்லையென்றால் திரும்பி வந்துவிடும். இந்த மீனுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. தீனி எங்கே தெரிந்ததோ அங்கே திடமாகப் போனது. திரும்பியே பார்க்கவில்லை. முழு மூளை உள்ள மீன்களெல்லாம் அதன் பின்னால் போயின.

சங்கத் தேர்தல் அடுத்த மாதம். நாமினேஷன் ஃபாரத்தை நாளைக்கே வாங்குங்கள். பேச்சில் “நான் நினைக்கிறேன்” என்று சொல்லாதீர்கள், “எல்லாரும் ஃபீல் பண்றாங்க” என்று சொல்லுங்கள். ஏ பிளாக்கில் மூன்று சேரை முன்வரிசையில் பிடித்து வையுங்கள். சோலார் எங்கே, கணக்கு எங்கே, இந்தப் பெயின்ட் ஒரே மழையில் ஏன் உரிந்தது என்று யாராவது கேட்டால், “அதை அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் லிஃப்ட் பக்கம் நடங்கள். பின்னால் வருவார்கள்.